ஏடு கட்டாத பால்: பண்ணையிலிருந்து நம் வீட்டு அடுப்பு வரை

அத்தை ஊரிலிருந்து வந்த இரண்டாம் நாள் காலை. குளிர்பெட்டியில் இருந்த பாலை எடுத்துக் காய்ச்சினார், இறக்கி வைத்தார், ஆறியதும் மூடியைத் திறந்து பார்த்தார். கரண்டியால் மேலே ஒருமுறை வழித்தும் பார்த்தார்.

"என்னம்மா இது, ஏடே கட்டல? பவுடர்ல கலக்குன பாலா?"

அத்தைக்குக் கும்பகோணம் பக்கம். முப்பது வருஷம் இரண்டு பசு, ஒரு எருமை என்று வைத்துப் பார்த்தவர். அவர் கேட்டால் அதில் அர்த்தம் இருக்கும். எனக்கோ பதில் தெரியவில்லை. சிங்கப்பூர் உட்லண்ட்ஸ் வீட்டில் பதினாறு வருஷமாக இதே பாலைத்தான் வாங்குகிறேன். அது எங்கே கறந்தது, யார் கறந்தார்கள், இங்கே எப்படி வந்தது என்று நினைத்துப் பார்த்ததே இல்லை. அப்புறம்தான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அந்த ஏட்டில் தொடங்கி நான் புரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. சிங்கப்பூர் எப்போதும் மாடில்லாத ஊராக இருக்கவில்லை. தேக்கா சந்தைக்குப் பக்கத்தில் பஃபலோ ரோடு இருக்கிறது, கெர்பாவ் ரோடு இருக்கிறது. கெர்பாவ் என்றால் மலாயில் எருமை. நம்மில் பாதிப் பேர் பிறந்த கேகே மருத்துவமனையின் பெயர் கண்டாங் கெர்பாவ், அதாவது எருமைக் கொட்டில். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிராங்கூன் வட்டாரமே மாட்டு வியாபாரத்தில் வாழ்ந்தது. புக்கித் தீமா பக்கம் டெய்ரி ஃபார்ம் ரோடு என்று இருப்பதும் வெறும் பெயரல்ல. 1930 வாக்கில் கோல்ட் ஸ்டோரேஜ் நிறுவனம் அங்கே ஃப்ரீசியன் மாடுகளை வைத்துப் பால் பண்ணை நடத்தியது. இன்று அது இயற்கைப் பூங்கா. பழைய மாட்டுக்கொட்டகை ஒன்றைச் சீராக்கிக் கல்வி மையமாக வைத்திருக்கிறார்கள்.

இன்று கடையில் நாம் எடுக்கும் பால் பெரும்பாலும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, மலேசியா, தாய்லாந்து என்று வெளியிலிருந்து வருவது. நிலம் இல்லாதது ஒரு காரணம், அது எல்லாருக்கும் தெரியும். இன்னொரு காரணம் மாட்டின் வயிற்றுக்குள் இருக்கிறது.

நான்கு அறை வயிறு

மாடு புல்லை மெல்லாமல் விழுங்கி, பிறகு சாவகாசமாகப் படுத்து அசை போடுவதைப் பார்த்திருப்போம். விழுங்கிய புல் முதலில் போய்ச் சேர்வது ருமன் என்ற பெரிய அறைக்கு. நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும் ஒரு நொதிக்கிற தொட்டி என்று அதைச் சொல்லலாம். நமக்குச் செரிக்காத நாரை அங்கே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் உடைத்துத் தருகின்றன. புல் பாலாவது அங்கே தொடங்குகிறது. நொதிக்கும்போது மீத்தேன் வாயு உண்டாகிறது, அதை மாடு ஏப்பமாக விடுகிறது. நியூசிலாந்தில் வெளியாகும் பசுங்குடில் வாயுக்களில் ஏறக்குறைய பாதி விவசாயத்திலிருந்துதான் வருகிறது என்றால், அதில் இந்த ஏப்பத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

இன்னொன்றும் உண்டாகிறது: சூடு. நிறையப் பால் கறக்கும் மாடு நிறையத் தின்னும், நிறையத் தின்றால் உள்ளே அடுப்பு எரிந்துகொண்டே இருக்கும். கறுப்பு வெள்ளைத் திட்டுகள் உள்ள ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன் மாடு ஐரோப்பாவின் குளிரில் வளர்ந்த இனம். நமக்குக் குளிரும் இடத்தில்தான் அதற்குச் சுகம். 25 டிகிரியைத் தாண்டினாலே மூச்சு வாங்க ஆரம்பிக்கும், தீனி குறையும், பால் குறையும்.

பாலைவனத்தில் மட்டும் எப்படிப் பண்ணை நடக்கிறது என்று கேட்கலாம், நானும் கேட்டேன். 2017-இல் அண்டை நாடுகள் எல்லையை மூடியபோது கத்தார் விமானத்தில் ஆயிரக்கணக்கான மாடுகளை இறக்கிப் பண்ணை போட்டது. அங்கே கொட்டகைக்குள் நீர்த்துளியைத் தெளித்து மின்விசிறி போட்டால் துளி சட்டென ஆவியாகி, காற்று குளிர்ந்துவிடும். காரணம், காற்று உலர்ந்தது. இங்கே துவைத்த துணியே மதியம் வரை ஈரமாகத் தொங்கும். அதே தெளிப்பானை இங்கே போட்டால் மாட்டுக்கு மிஞ்சுவது புழுக்கம்தான்.

கன்று இல்லையேல் பால் இல்லை

நகரத்தில் வளர்ந்த என்னைப் போன்றவர்களுக்கு ஒரு தவறான எண்ணம் உண்டு. பசு என்றால் பால் கொடுக்கும், கோழி முட்டையிடுவதுபோல அது பாட்டுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும் என்று. அப்படியில்லை. கன்று போட்ட பிறகுதான் மாடு பால் கறக்கும். இதை அத்தையிடம் சொன்னால் "இது ஒரு சேதியா?" என்று சிரிப்பார். ஆனால் நவீனப் பண்ணையின் அத்தனை ஏற்பாடும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

கணக்கு இப்படிப் போகும். சினைக்காலம் ஒன்பது மாதமும் சில நாளும், ஏறக்குறைய 280 நாள். ஈன்றதும் பால் ஏறிக்கொண்டே போய் ஆறு முதல் எட்டாவது வாரத்தில் உச்சம் தொடும். பிறகு மெல்ல இறங்கும். பத்து மாதம், அதாவது 305 நாள் கறப்பது என்பது உலகெங்கும் பண்ணைக்காரர்கள் வைத்திருக்கும் அளவு. அதற்குப் பிறகு இரண்டு மாதம் கறக்காமல் மடியை ஓயவிடுவார்கள். நம் ஊரில் மாட்டை வற்ற விடுவது என்று சொல்வோமே, அதுதான். இது ஆண்டுக்கு ஒரு கன்று என்ற கணக்கில் ஓட வேண்டுமானால், ஈன்று மூன்று மாதத்துக்குள் மாடு மறுபடி சினை பிடிக்க வேண்டும். அதனால் பண்ணை மாடு பெரும்பாலான நாட்களில் கறவையும் சினையும் ஒன்றாகச் சுமக்கிறது.

பெரும்பாலும் சினை ஊசிதான். நல்ல காளையின் விந்தைத் திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் உறைய வைத்து நாடு விட்டு நாடு அனுப்புகிறார்கள். மாடு பருவத்துக்கு வந்திருப்பதைக் கழுத்துப் பட்டையில் உள்ள கருவி கண்டுபிடித்துவிடும். எத்தனை அடி நடந்தது, எவ்வளவு நேரம் அசை போட்டது என்றெல்லாம் அது எண்ணிக்கொண்டிருக்கும். பருவத்தில் மாடு நிலைகொள்ளாமல் நடக்கும், அசை போடுவது குறையும். அத்தை அதைக் கத்தலிலும் கண்ணிலும் பார்த்தே சொல்லிவிடுவார். ஐநூறு மாடு இருக்கும் இடத்தில் அந்தக் கண்ணுக்குப் பதிலாகப் பட்டை.

நியூசிலாந்தில் இன்னொரு தந்திரம். அங்கே கொட்டகைத் தீவனத்தைவிட மேய்ச்சல் புல்லை நம்பிப் பண்ணை நடத்துகிறார்கள். வசந்தத்தில் புல் செழிக்கும்போது பாலும் உச்சத்தில் இருக்கட்டும் என்று, மந்தை முழுவதும் ஜூலை முதல் செப்டம்பருக்குள் கன்று போடும்படி பார்த்துக்கொள்கிறார்கள். குளிர்காலத்தில் மந்தையே ஓய்வு. இதில் ஒரு சிக்கல் உண்டு. அக்டோபரில் பால் வெள்ளமாக வரும், ஜூனில் மிகக் குறைந்துவிடும். ஐம்பது லட்சத்துச் சொச்சம் மக்களுக்கு ஏறக்குறைய அதே அளவு கறவை மாடு உள்ள நாடு அது. அவ்வளவு பாலையும் குடிக்க அங்கே ஆள் இல்லை. ஆகவே பெரும்பகுதியை மாவாக்கி, வெண்ணெயாக்கி, பாலாடைக்கட்டியாக்கிக் கப்பலேற்றுகிறார்கள். பால் பவுடரைக் கலப்படச் சரக்கு போலப் பேசுவது நம்மிடம் பழக்கம். அது பருவத்துப் பாலைக் கெடாமல் காப்பாற்றும் வழி, பாலில் 87 சதவீதம் இருக்கும் தண்ணீரைக் கப்பலில் ஏற்றாமல் இருக்கும் வழி.

கறவைக் கூடம்

போன ஆண்டு பள்ளி விடுமுறையில் நியூசிலாந்து போனோம், அத்தையும் வந்தார். வைகாட்டோ பக்கம் ஒரு பண்ணையில் மாலைக் கறவையைப் பார்க்க விட்டார்கள். ராட்டினம் போல் வட்டமான ஒரு மேடை மெதுவாகச் சுற்றுகிறது. மாடுகள் வரிசையில் நின்று, யாரும் அடிக்காமல் அதட்டாமல், ஒவ்வொன்றாகத் தாமே ஏறி நிற்கின்றன. ஏறும் இடத்தில் ஒருவர் காம்பைத் துடைத்து நான்கு குவளைகளை மாட்டுகிறார். மேடை ஒரு சுற்று வருவதற்குள் பால் வடிந்து முடிந்து, குவளைகள் தாமே கழன்று விழுகின்றன. மாடு பின்னால் அடி வைத்து இறங்கிப் போகிறது. இரண்டே ஆட்கள், நானூறு மாடு. இப்படிச் சுற்றும் கறவைக் கூடங்களுக்கு அந்த நாடு பேர் போனது.

கிட்டப் போய் அந்தக் குவளையைக் கையில் வாங்கிப் பார்த்தேன். வெளியே எஃகுக் கூடு, உள்ளே மெல்லிய ரப்பர் உறை. காம்பு அந்த உறைக்குள் போகும். கீழே குழாயில் எப்போதும் காற்றை உறிஞ்சிக்கொண்டே இருப்பார்கள், பாலை இழுப்பது அதுதான். கூட்டுக்கும் உறைக்கும் நடுவே உள்ள இடைவெளியில் மட்டும் காற்று வந்து வந்து போகும். காற்று வந்தால் உறை காம்பை அமுக்கும், போனால் விடும். நிமிடத்துக்கு ஏறக்குறைய அறுபது தடவை. அமுக்கி விடும் அந்த இடைவெளிதான் முக்கியம், இல்லாவிட்டால் காம்பில் ரத்தம் கட்டி வலிக்கும். விரலை உள்ளே விட்டால் கன்று சப்புவதுபோலவே இருக்கிறது. அத்தையும் விரலை விட்டுப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

அவருக்குப் பிடித்தது வேறொன்று. குவளையை மாட்டும் முன் அந்த ஆள் ஒவ்வொரு காம்பிலும் முதல் இரண்டு பீச்சைக் கையால் பீச்சிப் பார்த்தார். பாலில் திரிதிரியாக ஏதும் இருந்தால் மடிநோய். "நானும் முதல் பாலைத் தரையிலதான் பீச்சுவேன்" என்றார் அத்தை. துடைப்பதும் பீச்சுவதும் சுத்தத்துக்கு மட்டுமல்ல. காம்பில் கை பட்டதும் மாட்டின் மூளையிலிருந்து ஆக்சிடோசின் என்ற சுரப்பு ரத்தத்தில் இறங்கும். அது மடிக்குப் போய்ச் சேர ஒரு நிமிடம் போல ஆகும். அதற்குப் பிறகுதான் பால் இறங்கும், அதுவும் சில நிமிடம்தான். ஊரில் கறக்கும் முன் கன்றை அவிழ்த்து நான்கு வாய் ஊட்டவிட்டுப் பிடித்துக் கட்டுவார்களே, அதே வேலையை இங்கே ஈரத்துணி செய்கிறது. கன்று செத்துப்போன மாட்டுக்கு முன்னால் தோலில் வைக்கோல் திணித்த பொம்மைக் கன்றை நிறுத்துவதும் இதற்காகத்தான். பயந்த மாடு பாலை அடக்கிக்கொள்ளும் என்பது வெறும் பேச்சல்ல. அச்சத்தில் சுரக்கும் அட்ரினலின், ஆக்சிடோசினின் வேலையைத் தடுக்கும். அங்கே யாரும் அதட்டாததற்குக் காரணம் இரக்கம் மட்டுமல்ல, பாலும்தான்.

ஆளே தொடாத ரோபோக் கறவையும் இருக்கிறது. 1992-இல் நெதர்லாந்தில் விற்பனைக்கு வந்தது. மாடு தனக்குத் தோன்றும்போது கூண்டுக்குள் போகும், எந்திரக் கை காம்பைக் கண்டுபிடித்துக் குவளையை மாட்டும்.

எல்லாம் பார்த்துவிட்டு வெளியே வந்ததும் அத்தை கேட்டார்: "கன்னுங்கள காணோமே. எங்க கட்டியிருக்காங்க?"

இதற்கு நேர்மையாகப் பதில் சொல்லியாக வேண்டும். பெரும்பாலான பண்ணைகளில் பிறந்த ஓரிரு நாளுக்குள் கன்றைத் தாயிடமிருந்து பிரித்துவிடுகிறார்கள். சீம்பாலை மட்டும் தவறாமல் கொடுப்பார்கள். கன்றுக்கு நோய் எதிர்ப்பு தாயின் ரத்தத்திலிருந்து வருவதில்லை, சீம்பாலிலிருந்துதான் வருகிறது. முதல் நாள் போய்விட்டால் அதன் குடல் அதை உறிஞ்சும் தன்மையை இழந்துவிடும். பிறகு கிடாரிக் கன்றுகளைத் தனிக் கொட்டிலில் பால் கொடுத்து வளர்ப்பார்கள், இரண்டு வயதில் அவை கறவைக்கு வரும். காளைக் கன்றால் பால் பண்ணைக்குப் பயனில்லை. சில இறைச்சிக்கு வளர்க்கப்படுகின்றன, சில பிறந்த சில நாட்களிலேயே வெட்டுக்குப் போகின்றன. பெண் கன்றே பிறக்கும்படி பிரித்தெடுத்த விந்தைப் பயன்படுத்தும் பழக்கம் இதனால்தான் பரவிவருகிறது. பசுவின் இயல்பான ஆயுள் இருபது ஆண்டுக்கு அருகில். பால் குறைந்தாலோ சினை பிடிக்காவிட்டாலோ, பெரிய பண்ணைகளில் அதில் மூன்றில் ஒரு பங்கு வயதிலேயே அதை அனுப்பிவிடுகிறார்கள். எனக்கு இது வலிக்கிறது. ஆனாலும் நான் பால் வாங்குகிறேன். வாங்கும் நான் இதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும் என்றுதான் இந்தப் பத்தியை எழுதாமல் விடவில்லை. நம் ஊர் மட்டும் சுத்தம் என்று சொல்வதற்கும் இல்லை. வற்றிய மாடும் காளைக்கன்றும் சந்தை வழியாக எங்கே போகின்றன என்று அத்தைக்குத் தெரியும்.

கறந்ததிலிருந்து கடை வரை

கறந்த பால் மாட்டின் உடல் சூட்டில் இருக்கும். அந்தச் சூட்டில் கிருமி மளமளவெனப் பெருகும். அதனால் குழாய் வழியே நேராகக் குளிர்த்தொட்டிக்குப் போய் 4 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். டேங்கர் லாரி வரும். ஏற்றும் முன் மாதிரி எடுப்பார்கள். மடிநோய்க்கு மருந்து போட்ட மாட்டின் பாலைக் குறிப்பிட்ட நாட்கள் வரை தனியாகக் கறந்து ஒதுக்க வேண்டும். தவறி ஒரு மாட்டின் பால் கலந்து, சோதனையில் மருந்து தெரிந்தால் லாரிப் பால் முழுவதும் சாக்கடைக்குத்தான்.

பணமும் லிட்டர் கணக்கில் இல்லை. நியூசிலாந்தில் பாலில் உள்ள கொழுப்பு, புரதத்தின் எடைக்குத்தான் காசு. இது அத்தைக்குப் புதிதல்ல. ஊர் பால் சங்கத்தில் பாலின் அடர்த்தியைக் காட்டும் டிகிரி பார்த்து, கொழுப்பு பார்த்துத்தானே விலை போடுகிறார்கள்? 1946-இல் குஜராத்தின் ஆனந்தில் அமுல் தொடங்கிய வழி, 1970 முதல் வெண்மைப் புரட்சியாக நாடெங்கும் பரவியது. இரண்டு மூன்று மாடு வைத்திருப்பவர்கள் தினமும் ஊற்றும் பாலைச் சேர்த்தே இந்தியா உலகில் அதிகப் பால் உற்பத்தி செய்யும் நாடாக நிற்கிறது. நானூறு மாட்டுப் பண்ணையும் நாலு லிட்டர் தூக்குவாளியும் ஒரே சோதனையைத்தான் தாண்டுகின்றன.

ஆலைக்கு வந்த பாலை முதலில் வேகமாகச் சுழலும் எந்திரத்தில் விட்டு கிரீமைப் பிரிப்பார்கள். பிறகு வேண்டிய அளவு கிரீமைத் திருப்பிக் கலப்பார்கள். முழுக் கொழுப்புப் பால், குறைந்த கொழுப்புப் பால் என்று அட்டையில் போட்டிருப்பது இந்தக் கலவையைத்தான். அடுத்தது ஏட்டின் கதை முடியும் இடம். பாலில் கொழுப்பு சின்னச் சின்ன உருண்டையாக மிதக்கும். பெரிய உருண்டைகள் ஒன்றுசேர்ந்து மேலே வரும், அதுதான் ஏடு தடிக்கக் காரணம். ஆலையில் பாலை மிக அதிக அழுத்தத்தில் ஊசிமுனை போன்ற இடுக்கு வழியே பீச்சுவார்கள். ஹோமோஜினைஸ் செய்வது என்பது இதுதான். உருண்டைகள் உடைந்து, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு என்ற அளவுக்குச் சிறுத்துவிடும். பாலிலுள்ள புரதம் அவற்றின் மேல் ஒட்டிக்கொள்ளும். அவ்வளவு சின்னது மேலே எழும்பாது, பாலிலேயே பரவி நிற்கும். காய்ச்சினால் மேலே மெல்லிய ஆடை மட்டும் படியும், அதில் புரதம்தான் அதிகம். ஆக, அத்தை தேடிய கொழுப்பு பாலுக்குள்ளேதான் இருந்தது. அவருடைய எருமைப் பாலில் கொழுப்பு ஏழு எட்டு சதவீதம், நம் அட்டைப் பாலில் அதில் பாதி என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு சூடாக்குவது. பாஸ்ச்சர் முறையில் 72 டிகிரியில் 15 விநாடி. நோய்க்கிருமிகள் செத்துவிடும், ஆனால் எல்லா நுண்ணுயிரும் சாகாது. அதனால்தான் அது குளிர்பெட்டியிலேயே விற்கிறது, சில நாளில் தீர்த்துவிட வேண்டும். யூஎச்டி முறையில் 135 டிகிரிக்கு மேல் சில விநாடி காய்ச்சி, காற்றும் கிருமியும் புகாத அட்டையில் அடைப்பார்கள். திறக்காத வரை மாதக்கணக்கில் வெளியிலேயே இருக்கும். லேசான வெந்த வாசம் வருவது அந்தச் சூட்டால். கோப்பிக்கடைத் தேநீர் இதற்கெல்லாம் முந்திய காலத்தின் மிச்சம். குளிர்பெட்டி இல்லாத வெப்ப நாட்டில் பாலைக் காக்கச் சர்க்கரையைக் கொட்டி இறுக வற்றவைத்து டின்னில் அடைத்தார்கள். அந்தக் கெட்டிப்பால்தான் நம் 'தே'யின் ருசி. 'தே சீ' கேட்டால் சர்க்கரை சேர்க்காமல் வற்றவைத்த பால்.

அத்தைக்கு இதையெல்லாம் ஒரு மாலை உட்கார்ந்து சொன்னேன். கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்று: தயிர் உறையுமா? உறையும். யூஎச்டி பாலில் உறைந்தால் சற்றுக் கொழகொழவென்று இருக்கும். குளிர்பெட்டிப் பாலை நன்றாகக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவைத்து உறை ஊற்றினால் கத்தியால் வெட்டும்படி நிற்கும். ஏடு வேண்டுமென்றால் ஹோமோஜினைஸ் செய்யாதது என்று அட்டையிலோ பாட்டிலிலோ எழுதியிருப்பதைத் தேடி எடுக்க வேண்டும், விலை கூடுதல். தேடி ஒரு பாட்டில் வாங்கி வந்தேன். அத்தை அதைக் குலுக்காமல் வெளிச்சத்தில் பிடித்து, கழுத்தில் மஞ்சளாக நின்ற இரண்டு விரல் கிரீமைப் பார்த்தார். பிறகு எழுந்து போய்ப் பாத்திரத்தைக் கழுவி அடுப்பில் வைத்தார்.